ஒரே கணுவில் இரண்டு இலை

எங்கள் சீருடையில் பை கிடையாது. சட்டையில் இல்லை, கால்சட்டையில் இல்லை, மேலே போடும் வெள்ளைக் கோட்டிலும் இல்லை. கைக்குட்டையை எங்கே வைத்துக்கொள்வது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். காசு அடிக்கிற இடத்தில் பையோடு உலாவ யாரை விடுவார்கள்? சாயங்காலம் வெளியே போகும்போது வாசலில் ஒரு காவல்காரம்மா நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக அதே முகம், அதே கேள்வி.

"ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

"இல்லம்மா."

"சரி, போங்க."

அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவர்கள் யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை.

நான் வேலை பார்ப்பது காசுக்கு மாதிரி செதுக்கும் அறையில். காசு எப்படிப் பிறக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டரில் வட்டமாக ஒன்றை வார்த்து, அதில்தான் முதலில் செதுக்குவோம். பிறகு கெட்டியான பிசினில் அதற்கு ஒரு பிரதி எடுத்து இயந்திரத்தில் மாட்டுவார்கள். இயந்திரத்தின் ஒரு முனை தட்டின் மேடுபள்ளங்களை ஊசியால் தடவிக்கொண்டே போகும். மறுமுனை அதையே காசளவுக்குச் சுருக்கி எஃகில் வெட்டும். முழுசாக முடிய மூன்று நாள் ஆகும். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு டீ குடித்து முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

இருபத்தொன்பது வருஷமாக நான் செதுக்கியதெல்லாம் அடுத்தவர் வரைந்தது. எண்கள், ஒரு பாலம், ஒரு கலங்கரை விளக்கம், நிறையத் தலைகள். காது செதுக்குவதில் எனக்கு நல்ல பெயர். இன்றைக்கும் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் என் கண் முதலில் காதுக்குத்தான் போகும். போன வருஷம்தான், புதுக் காசு ஒன்றுக்கு என் சொந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கொடியில் இருக்கிற தேசிய மரத்தின் இலை காசிலும் வர வேண்டும், ஆனால் கொடியில் இருப்பது போல ஒற்றை இலையாக இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான் ஒரு சின்னக் குச்சியும் அதில் இரண்டு இலைகளும் வரைந்து கொடுத்தேன். வரைந்தேன் என்பதுகூட அதிகம். எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து அப்படியே எடுத்துவிட்டேன்.

அந்தக் குச்சி என் வீட்டுக்காரர் கொடுத்தது.

அவர் கொடிப் பட்டறையில், காற்று அறையில் வேலை பார்த்தார். நீளமான கூடம். ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி, நடுவில் ஒரு கம்பம். தைத்து வரும் கொடிகளில் ஒன்றை எடுத்துக் கம்பத்தில் ஏற்றி விசிறியைப் போட்டுவிட்டு, தரையில் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் போய் நிற்பார். தையல் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் இலை இலையாகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒல்லியான ஆள். பட்டறையில் காத்தாடி என்று பெயர். அவர் தலைமுடி எப்போதும் பின்னால் படிந்தே இருக்கும். கல்யாணமான புதிதில் சீப்பு வாங்கிக் கொடுத்தேன். அது எதற்கு என்று கேட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு காசில் இலை போட வேண்டி வந்து, கொடியின் அளவுகளைக் குறித்துக்கொண்டு வர என்னை அங்கே அனுப்பினார்கள். முதல் நாள் அவரோடு சண்டை போட்டேன். நிஜ இலைக்கு எவ்வளவு முனைகள், உங்கள் கொடியில் என்ன இவ்வளவு கஞ்சத்தனம் என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் விசிறியைப் போட்டுக் காட்டினார். துணி அசைந்ததும், எண்ணி வைத்த அந்தக் கொஞ்ச முனைகளும் பத்து மடங்கு ஆனது போல இருந்தது. இலை உயிரோடு நின்றது.

"எல்லாத்தையும் நாமளே வரைஞ்சுட்டா காத்துக்கு என்ன வேலை?" என்றார். "மீதியை அது வரைஞ்சுக்கும்."

மூன்றாவது முறை போனபோது காகிதத்தில் சுற்றி ஒரு குச்சி கொண்டுவந்திருந்தார். "ரெண்டு இலை இருக்கு. ஒண்ணு நீங்க, ஒண்ணு நான். சம்மதம்னா வச்சுக்குங்க. இல்லேன்னா போற வழியில எங்கயாவது போட்டுடுங்க, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே திரும்பி நின்றுகொண்டார். நான் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். நடுவில் வீடு மாறியபோது சாமானெல்லாம் லாரியில் வந்தது, அந்தக் கண்ணாடிப் பெட்டி மட்டும் அவர் மடியில் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில், ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அந்தக் குச்சியைப் பிளாஸ்டரில் செதுக்கிய இரண்டு மாதமும் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை. எங்கள் அறையில் விளக்கைத் தலைக்கு மேல் போட மாட்டோம். பக்கவாட்டில், மேஜை மட்டத்துக்குத் தாழ்த்தி வைப்போம். வெளிச்சம் தட்டின் மேல் படுத்துக்கொண்டு வரும்போது மயிரிழை மேடுகூட நிழல் போடும். இலையின் ஒரு நரம்பைச் செதுக்கி முடித்ததும் அதன் பக்கத்தில் மெல்லிய நிழல் ஒன்று தானாக வந்து படுக்கும். வெள்ளைத் தூள் எங்கும் மிதந்துகொண்டிருக்கும். ஒற்றைக் கண்ணை மூடி லென்ஸ் வழியே பார்ப்பேன். அவர் என்னை ஒத்தைக்கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அந்த இரண்டு மாதத்தில் பல தடவை பின்னாலிருந்து யாரோ அப்படிக் கூப்பிட்டது போலிருந்து திரும்பிப் பார்த்திருக்கிறேன். நிதானம்தான் டீ டம்ளரோடு நிற்பார்.

எங்கள் தொழிலில் செதுக்கியவர் பெயர் எங்கேயும் வராது. அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. கீழே ஒரு இலை, மேலே ஒரு இலை. நானும் அவரும். ஊரில் எல்லார் கையிலும் புழங்கப் போகிறோம். அது போதாதா?

எஃகு வெட்டி முடிந்தது. சோதனைக்காகக் கொஞ்சம் காசும் அடித்தார்கள். அப்போதுதான் இலைக்காரர் வந்தார்.

இலைக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். தாவர ஆராய்ச்சித் துறை அலுவலர். தபால்தலை, நோட்டு, காசு, எதில் செடிகொடி வந்தாலும் அவர் கையெழுத்து வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு இதழ் கூடிப்போயிற்று என்று ஒரு தபால்தலையைத் திருப்பி அனுப்பியவர். என் படம் போன சமயம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். படுத்தபடியே கைபேசியில் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போட்டிருந்தார். இப்போது ஊன்றுகோலோடு நேரில் வந்து, கறுப்புத் துணி மேல் வைத்த சோதனைக் காசை லென்ஸில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேடம், இந்த மரத்தை எங்க பார்த்தீங்க?"

"எங்க வீட்டுச் சுவர்ல, சார்."

"சுவர்ல மரமா?"

குச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"இந்த மரத்துல இலை ஜோடியாத்தான் வரும். ஒரே கணுவுல, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நேருக்கு நேரா. நீங்க ஒண்ணைக் கீழயும் ஒண்ணை மேலயும் வச்சிருக்கீங்க. அப்படி வர்றது வேற மரம். கைபேசியில நானும் கவனிக்காம விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நிஜக் குச்சியைப் பார்த்துச் செஞ்சது சார். உங்க புஸ்தகத்துல இருக்கறது அந்தக் குச்சிக்குத் தெரியுமா என்ன?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "கொண்டாங்க, பார்ப்போம்" என்றார்.

மறுநாள் காலை கண்ணாடிப் பெட்டியோடு வாசலில் நின்றேன். உள்ளே கொண்டுபோகிற பொருளை எல்லாம் காவல்காரம்மா பதிவேட்டில் எழுத வேண்டும். காய்ந்த குச்சி ஒன்று, இலை இரண்டு என்று எழுதினார். பேனாவை நிறுத்தி, "உயிரோட இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப பொருள்னே போட்டுடறேன்."

இலைக்காரர் பெட்டியின் பின்பலகையைத் திறக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கொக்கிகளை நானே கழற்றினேன். குச்சியை அவர் விரலால் தொடவில்லை. ஒரு காகிதத்தின் மேல் சாய்த்து மெதுவாகத் திருப்பி, லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"கீழ இருக்கற இலைக்கு நேர் எதிர்ப் பக்கம் பாருங்க. பிறை மாதிரி ஒரு தழும்பு தெரியுதா? அதுதான் இலை விழுந்த இடம். இலை போனா அந்த அடையாளத்தை விட்டுட்டுத்தான் போகும். இப்ப மேல் இலையோட காம்புக்கு வாங்க. அடியில என்ன இருக்கு?"

மஞ்சளாக, உலர்ந்து, ஒரு சொட்டு.

"கோந்து," என்றார். "யாரோ ஒட்டியிருக்காங்க. பழைய கோந்து."

என் காது இரண்டும் சூடாகிப் போயின. கண்ணால் பிழைக்கிறவள் நான். ஒரு மயிரிழை மேட்டைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே பார்த்த குச்சியில், யாரோ ஒட்டியது கண்ணில் படவே இல்லை. முன்பக்கமிருந்து கண்ணாடி வழியாக, அது இருந்தபடி பார்த்தேன். சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டிய பொருளா அது?

நிதானம் வந்து பக்கத்தில் நின்றார். "விடுங்க. காசை வாங்குறவன் எண்ணைப் பார்ப்பானா, கணுவைப் பார்ப்பானா?" என்று மெல்லச் சொன்னார். மூன்று நாள் இயந்திரம் ஓட்டிய வேலை வீணாகிறதே என்று அவருக்கு.

இலைக்காரரும் இறங்கி வந்தார். "தப்புல எனக்கும் பங்கு இருக்கு. கொடியில இருக்கறதும் நிஜ இலை இல்ல. டிசைன்னு எழுதிக் கொடுத்தாங்க, ஒத்துக்கிட்டோம். இதையும் டிசைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா கையெழுத்துப் போட்டுடறேன். மாத்தணும்னா மாத்துங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் காவல்காரம்மா பதிவேட்டைப் பார்த்து, குச்சி ஒன்று, இலை இரண்டு, சரிதான் என்று வெளியே விட்டார்.

வீட்டில் மகள் முதலிலேயே வந்திருந்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. நான் காசுக்குப் பிளாஸ்டர் குழைக்கிறேன், அவள் அடுத்தவர் தாடைக்குக் குழைக்கிறாள். குளியலறையில் இரண்டு பேர் தூளும் ஒன்றாகத்தான் ஓடும். பெட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். கோந்து என்ற இடம் வந்ததும் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, திட்ட மாட்டேன்னு சொல்லு."

"எதுக்கு?"

"முதல்ல சொல்லு."

"திட்ட மாட்டேன். சொல்லித் தொலை."

"வீடு மாறுன அன்னைக்கு நான் அப்பாகூட பஸ்ல வந்தேன்ல? நீ லாரியில முன்னாடி போயிட்டே. அப்பா பெட்டியை மடியில வச்சிருந்தாரு. பஸ் ஒரு பள்ளத்துல விழுந்துச்சு. ஒரு இலை உதிர்ந்து கண்ணாடிக்குள்ள அடியில கிடந்துச்சு. அப்பா மூஞ்சி அப்படியே வெளுத்துப் போச்சு. நடுவழியில இறங்கிட்டோம். ஒரு கடையில கோந்து வாங்கி, ஒரு பஸ் ஸ்டாப் பெஞ்சுல உட்கார்ந்து ஒட்டினாரு."

அன்று அவர்கள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பஸ் கிடைக்கவில்லை என்றார். சாமானையெல்லாம் ஒருத்தியாக இறக்கி வைத்த எரிச்சலில் நான் கத்தினேன். அவர் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, "மடியிலயே வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்த எரிச்சலில் நான் பெட்டிக்குள் சரியாகப் பார்க்கவே இல்லை, பிறகு பார்த்தபோது எப்போதும் அப்படித்தான் இருந்தது போலப் பழகிவிட்டது.

"ஒட்டினது சரி. ஒட்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு இடம் தெரியலையா?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பாவுக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சும்மா. எந்த இடம்னு தெரியல. என்னைக் கேட்டாரு. நான்தான் காட்டினேன். கீழ இருக்கறது அம்மா, மேல இருக்கறது அப்பா, அப்பாதானே உயரம்னு சொன்னேன். அவரும் யோசிச்சுட்டு, ஆமா, உங்கம்மா குள்ளம்தான்னு அங்கயே ஒட்டிட்டாரு. அம்மாகிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. எனக்கு அப்ப ஆறு வயசு."

இருபது வருஷம். ஒரு ரகசியத்தை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண் என்று இவளை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து போய், கண்ணாடி மேல் நெற்றியை வைத்து நின்றேன். கண்ணாடியில் மூச்சுப் படிந்து இலைகள் மறைந்தன, துடைத்தேன், மறுபடி மறைந்தன.

இனி நான் என்ன செய்வது? மாற்றினால், அந்தப் பெஞ்சும் கோந்தும் அவர் கை நடுக்கமும் காசிலிருந்து போய்விடும். புதுக் காசில் இருப்பது ஏதோ ஒரு மரத்தின் ஏதோ ஒரு குச்சியாக இருக்கும். மாற்றாமல் டிசைன் என்று எழுதிக் கொடுத்தால், அவர் கை வைத்த இடம் அப்படியே ஊரில் புழங்கும். ஆனால் அது தப்பு. தெரிந்தே தப்பைச் செதுக்கி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. புதனும் போயிற்று. இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்ததில் தலை வலிதான் மிச்சம்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பிளாஸ்டரைக் குழைத்து வெறும் வட்டம் ஒன்று வார்த்தேன். அது இறுகட்டும் என்று பக்கத்தில் தலை சாய்த்தேன்.

காற்று அறையில் நின்றேன். விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. கூடம் முழுக்கக் கம்பங்கள், எல்லாவற்றிலும் கொடிகள். கொடிகளிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அவசரமில்லாமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் போலக் காற்றில் நடந்து போயின. வெறும் துணிகள் அசைந்துகொண்டிருந்தன. விசிறிக்கு எதிரே ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், முடி பின்னால் படிந்து, மடியில் கண்ணாடிப் பெட்டியோடு. பக்கத்தில் ஆறு வயசு மகள் கோந்துப் புட்டியைத் திறந்து பிடித்திருந்தாள். ஒரு இலை மட்டும் பிடிபடாமல் அவர் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் பெட்டியை அணைத்தபடி எழுந்து, நுனிக்காலில் எம்பி எம்பி அதைத் துரத்தினார்.

"சீக்கிரம்ப்பா," என்றாள் மகள்.

"சத்தம் போடாதே. ஒத்தைக்கண்ணு பார்த்துடப் போறா."

நான் அங்கேயேதான் நின்றேன். பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போனது. அவர் முகத்தில் அவ்வளவு பயம். என்னிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற பயம். அந்தப் பயத்தோடு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். இலை மெல்ல இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. மேலே பார்த்துத் தேடிக்கொண்டே இருந்தார்.

விழித்தபோது என் கன்னம் பிளாஸ்டர் வட்டத்தின் மேல் இருந்தது. இறுகும்போது பிளாஸ்டருக்குச் சூடு வரும், எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். ஒரு ஆளின் நெஞ்சு எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு இருந்தது.

அப்போதே தீர்மானித்துவிட்டேன். அவர் சாகும்வரை மறைத்து வைத்த ஒன்றை நான் லட்சக்கணக்கில் அடித்து, கண்ட கடையிலும் கண்ட கையிலும் காட்டிக் கொடுப்பதா? அந்தத் தப்பு எங்கள் வீட்டுச் சுவருக்குச் சொந்தம். அது அங்கேயே இருக்கட்டும். காசுக்கு, அவர் முதலில் கொண்டுவந்து கொடுத்தபோது இருந்தபடி அந்தக் குச்சி போதும். அன்றைக்கு இலைகள் நேருக்கு நேராகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை இலைக்காரருக்குப் போன் செய்து மாற்றுகிறேன் என்று சொன்னேன். "சந்தோஷம்" என்றார். பிறகு, "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். 

பழைய சோதனைக் காசுகளை அழிக்க வேண்டும். அதற்கு இரண்டு உருளைகள் உண்டு, பல் பல்லாக. நடுவில் காசைக் கொடுத்தால் நசுக்கித் தள்ளும், பிறகு உருக்க அனுப்புவார்கள். செதுக்கியவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நிதானம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அவர் எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை, அன்றைக்கு இன்னும் மெதுவாகச் செய்தார். மறுபக்கம் வந்து விழுந்த காசுகளைக் குனிந்து பார்த்தேன். உருளையின் பற்கள் பட்டு ஒவ்வொரு காசும் அலை அலையாக நெளிந்திருந்தது. நெளிவில் இரண்டு இலைகளும் அசைந்தன. கம்பத்தில் ஏற்றி விசிறியைப் போட்டது போல, மேலே ஒன்று, கீழே ஒன்று, படபடவென்று அசைந்தன. எனக்குத் தாங்கவில்லை. பை இல்லாத சட்டையில் கைக்குட்டை ஏது? கோட்டின் கையாலேயே துடைத்துக்கொண்டேன். நிதானம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புது வட்டத்தில் செதுக்க மூன்று வாரம் ஆயிற்று. கீழ் இலை இருந்த கணுவிலேயே அதற்கு நேர் எதிரே மற்ற இலையை வைத்தேன். வைத்த பிறகு தள்ளி நின்று பார்த்தால், இரண்டும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. உயரமும் குள்ளமும் போய், ஒரே மட்டத்தில் முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே குச்சி வெறுமையாக இருந்தது. அவர் ஒட்டிய அந்த இடம்.

கடைசி நாள், விளக்கைத் தாழ்த்தி வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கோந்துச் சொட்டு அளவுக்கு ஒரு மேடு. காசில் சுருங்கி வந்தால் கடுகில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும்.

இலைக்காரர் இந்த முறை ஊன்றுகோல் இல்லாமல், எஃகு வெட்டுவதற்கு முன்பே பிளாஸ்டர் தட்டைப் பார்க்க வந்தார். லென்ஸை எடுத்து இலை நரம்பு, காம்பு, கணு என்று வரிசையாகப் போனார். தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் குச்சியின் மேற்பாதியில் நின்றார்.

"இது என்ன புள்ளி?"

பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். "மொட்டு, சார். அடுத்த இலை வரப்போற இடம்."

"மொட்டு கணுவுலதான் வரும். இங்க கணு இல்லையே."

 அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் புள்ளியை நானே சுரண்டி எடுக்க வேண்டும், அவர் கண் முன்னால். அவர் லென்ஸை எடுக்காமல், குனிந்தபடியே இருந்தார். அந்த இடத்தை அவர் ஏற்கனவே ஒரு முறை இதே லென்ஸில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அங்கே மஞ்சளாக ஒரு சொட்டு இருந்தது.

"யாரு ஒட்டினதுன்னு தெரிஞ்சுதா?" என்று, நிமிராமலே கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர், சார். இப்ப இல்ல."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து லென்ஸைத் துடைத்து உறையில் போட்டார்.

"மொட்டுன்னு எழுத முடியாது, தப்பு," என்றார். "ஆனா குச்சியோட பட்டையில சின்னச் சின்னதா புள்ளி புடைச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. அது வழியாத்தான் மரம் மூச்சு விடும். அது கணுவுலதான் வரணும்னு கிடையாது. எங்க வேணாலும் வரும்." காகிதத்தை இழுத்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "குச்சியின் மேற்பகுதியில் ஒரு மூச்சுப் புள்ளி. இருக்கலாம். சரி." கீழே கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவருக்கு மேலே நிற்கப் பிடிக்கவில்லை போல, முழங்காலைத் தடவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிதானம் தட்டை வாங்கிக்கொண்டுபோய் ஒரு மணி நேரம் துடைத்தார்.

சாயங்காலம் உடை மாற்றிக்கொண்டு வரிசையில் நின்று வாசலுக்கு வந்தேன். வெளியே நல்ல காற்று. எதிரே கம்பத்தில் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. காவல்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, யோசிக்காமல் கேட்டார்.

"ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "இன்னைக்கு உள்ள வச்சுட்டுப் போறேன்."